மீசை வைத்த சக்களத்தி

முதலில் போனது ருசி. பிரியாணிச் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தின்னவே பிறந்தவள் என்று வீட்டில் பெயரெடுத்தவள் நான். அன்றைக்கு அதே சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. நான் உட்பட.

என் கணவர் துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்த சமயம் அது. எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் பாதி வீட்டு ஆண்கள் சபுரில்தான் (வெளிநாட்டுப் பிழைப்பில்) இருப்பார்கள். எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி போனில் நடந்தது. விடுமுறைக்கு வருவார், பெட்டி திறப்பார், சொந்தக்காரர்களுக்குப் பங்கு வைப்பார், போய்விடுவார். இப்போது பிள்ளைகளும் கல்யாணமாகிப் போயாயிற்று. 'இனிமே போவ மாட்டேன்' என்று அவர் வந்து இறங்கியதும் நான் ஆனந்தத்தில் மிதந்திருக்க வேண்டும். கட்டிலில் கிடந்தேன்.

விடியுமுன் விழிப்பு வரும், எழுந்திருக்க முடியாது. காரணமில்லாமல் அழுகை வரும். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதி அனுப்புகிறவள் நான். ஒரு துணுக்கைப் பாதி எழுதியபோது, இதில் எங்கே சிரிக்க வேண்டும் என்பது எனக்கே தெரியவில்லை.

நாத்தனார் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நம்ம தெருவுல எத்தன பேரு புருசன் எப்ப வருவான்னு துஆ செஞ்சுக்கிட்டு கெடக்காளுவ. ஒனக்கு வந்து சேந்துட்டாரு, நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே!"

சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. சொன்னால் தெருவே சிரிக்கும். எனக்குப் பொறாமை. செல்வம் என்கிற ஆள்மேல்.

செல்வத்துக்குச் சொந்த ஊர் தா.பழூர். துபாயில் என் கணவரோடு ஒரே அறையில் பல வருடம் கிடந்தவர், இன்னும் அங்கேயே இருப்பவர். வழுக்கை, தொப்பை, அடர்ந்த மீசை. மற்றப் பெண்களுக்கு வருகிற போட்டியாவது பார்க்க லட்சணமாக இருக்கும். எனக்கு வாய்த்த சக்களத்தி கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீடியோ காலில் மீன் கழுவினார்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடித்து வந்ததும் என் கணவர் போனோடு மாடிக்குப் போய்விடுவார். காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் நான் மாடிப்படியில் நிற்பேன். துணி எடுத்த பிறகும் நிற்பேன். "டேய், சாப்டியாடா? என்ன கொழம்பு?" என்று அவர் கேட்பதில் ஒரு குழைவு இருக்கும். அந்தக் குழைவை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடையது. வருடக்கணக்காகப் போனில் எனக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது சோற்றுத் தட்டின் முன்னால் எனக்குக் கிடைப்பது, "உப்பு தூக்கலா இருக்கு."

ஒருநாள், "முட்டிவலி இன்னும் விடலடா" என்றார் மாடியில். அவருக்கு முட்டிவலி என்பதே எனக்குத் தெரியாது. துணிமூட்டையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரம்பலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் என்னைக் கூட்டிப்போனார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு (கழுத்துச் சுரப்பி) ஒழுங்காக இருந்தது. எனக்கு ஏமாற்றம்தான். பழியை ஒரு சுரப்பியின்மேல் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

டாக்டர் ஒரு பெண்மணி; என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "என்னம்மா செய்யுது?" என்றார்.

"ஒண்ணுமே செய்யலங்க. அதான் வந்திருக்கேன்."

"மனசு விட்டு யார்கிட்ட பேசுவீங்க?"

"எங்க வூட்டுக்காரர்கிட்டதாங்க."

"இப்ப பேசுறதில்லையா?"

"இப்ப வூட்டுல இருக்காருங்க."

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். டிப்ரஷன் (மனச்சோர்வு நோய்) என்றார். நமக்கென்று ஓர் ஆள் இருக்கிறார் என்ற தைரியம் ஆட்டம் கண்டால் இந்த நோய் ஆழமாகும், நோய் ஆழமானால் இருக்கிற தைரியமும் ஆட்டம் காணும் என்று விளக்கினார். செல்வத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாம்மா?" என்றார்.

"தோணுது."

"வீட்டுல தெரியுமா?"

தலையாட்டினேன், இல்லையென்று.

"அவர்கிட்ட நீங்களே சொல்லணும். அடுத்த வாரம் வர்றப்ப சொல்லலைன்னா நான் உள்ள கூப்பிட்டுச் சொல்லிடுவேன்."

கதவைத் திறந்தேன். நடைவழியில் நின்று என் கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். யாருடன் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதற்குள் வாய் உலர்ந்தது, தலை கனத்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லத் தினமும் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். இருவரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

மறுபடி போக வேண்டிய நாள் நெருங்கியபோது, அடுப்படியில் சார்ஜில் கிடந்த அவர் போன் அடித்தது. செல்வம். எடுத்தேன்.

"அண்ணியா? பாய் இல்லீங்களா?"

"பள்ளிவாசலுக்குப் போயிருக்காரு."

"மாத்திர ஒத்துக்கிட்டுச்சுங்களா? வாய் காயுதுன்னாரு. சோம்பு மெல்லுங்க."

என் நோயைக்கூட இந்த ஆளுக்குப் பங்கு வைத்தாகிவிட்டதா? "எல்லாத்தையும் ஒங்ககிட்ட ஒப்பிச்சுடுவாரோ?" என்றேன்.

"கோச்சுக்காதீங்க அண்ணி. முன்னல்லாம் ஒங்களுக்குப் போன் போட்டா எங்கள ரூமை வுட்டே தொரத்திடுவாரு. வெயில்ல நின்னுருக்கோம். இப்ப என்னடான்னா தெனம் எங்கிட்டக் கேக்குறாரு, 'பக்கத்துல போனா வாயே வரமாட்டேங்குது, அவகிட்ட என்னடா பேசறது'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? உப்பு ஒறைப்புன்னு எதாச்சும் பேச்சு குடுங்க பாய்னேன்."

போனை வைத்துவிட்டு நின்றேன். சிரிப்பு வந்ததா என்று கேட்டால், இல்லை. பொறாமைதான் இன்னும் கொஞ்சம் வந்தது. என்னைப் பற்றிய கவலைகூட முதலில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்றைக்கு அவர் வழக்கம்போல் மாடிக்குப் போனார். நான் என் போனை எடுத்து, அடுப்படியிலிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன புள்ள, கீழதானே இருக்கே?"

"ஆமா மச்சான். எறங்கி வராதீங்க. அங்கேயே இருங்க."

"சாப்டியா?" என்றார். அதே குரல். கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்த குரல், இப்போது கூரையைத் தாண்டி வந்தது.

"முட்டி எப்படி இருக்கு?"

"அது யாரு சொன்னா?" என்றார். பிறகு சொன்னார், முட்டி, தூக்கமின்மை, இந்த ஊரில் தனக்கு என்ன வேலை என்று விளங்காதது, எல்லாவற்றையும். நான் அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு என்னுடையதைச் சொன்னேன். காலையில் கண் விழிக்காமலே இருந்தால் தேவலை என்று தோன்றுவதை, அது எத்தனை நாளாக என்பதை.

அவர் மூக்கை உறிஞ்சினார். அந்தச் சத்தம் எனக்கு இரண்டு முறை கேட்டது: முதலில் மாடிப்படி வழியாக, ஒரு நொடி கழித்துப் போன் வழியாக.

"எறங்கி வரட்டா?" என்றார்.

"வாங்க."

அடுத்த வாரம் டாக்டரிடம் இருவரும் உள்ளே போனோம். இதைப் படிக்கும் சபுராளி வீட்டுப் பெண்ணுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: போன் பேசியே நோய் தீர்ந்துவிடவில்லை. மாத்திரை தொடர்கிறது, தேறிவிட்டது போல இருந்தாலும் நாமாக நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. உங்களுக்கும் உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் உள்ளே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து சொல்ல முடியவில்லையா, பக்கத்து அறையிலிருந்து சொல்லுங்கள்.

பொறாமையும் முழுதாகப் போகவில்லை. செல்வம் விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். மீன் குழம்பு நான் வைப்பேன். யார் குழம்பு உசத்தி என்று என் கணவர் அவர் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

என் கணவர் விடுமுறைக்கு வந்த காலங்களில், பெட்டி திறந்த அன்றைக்கே என் உடம்பு அவரை வழியனுப்பத் தயாராகிவிடும். தோள் இறுகும், மனம் நாட்களை எண்ணும். இந்த முறை வழியனுப்ப ஆளே இல்லாதபோதும் உடம்பு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் எனக்கு அருகில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். என் தோள் தளர்ந்து கிடப்பதை உணர்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து. கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் துபாய் மணிக்காக ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தே பழகியவள், அன்றைக்குக் கழிக்கவில்லை. செல்வத்துக்கு அங்கே என்ன மணியோ, அது அவர் பாடு.