ஒரு வாரத்துக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து

“இல்லைங்க, வியாழக்கிழமை மண்ணு ரொம்ப ஈரமா கெடந்துச்சு. அதான் அஞ்சு மணி வரைக்கும் மைதானத்து நடுவுலயே நின்னுட்டேன்.”

கிரிக்கெட் கிளப் செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்டது புல் வெட்டும் மெஷினுக்கு பிளேடு வந்ததா என்று மட்டும்தான். வியாழக்கிழமையைப் பற்றி யாரும் மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் மேசைமேல் பயிற்சிப் பதிவேடு விரிந்து கிடந்தது. அதைக் கண்டதும், பிட்ச் உருட்டும் ரோலர்காரருக்கு நாக்கு தானாகப் புரண்டுவிட்டது.

செயலாளருக்கோ அது நல்லதாகப் போயிற்று. பத்து வயதுப் பெண் ஒருத்தியின் அம்மா, ஆஸ்பத்திரியில் நர்ஸ், புகார் சொல்லியிருக்கிறாராம். வியாழக்கிழமை மகளைக் கூட்டிப்போகச் சீக்கிரம் வந்தபோது தகர ஷெட்டின் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கியிருந்ததாம், உள்ளே கோச்சும் தன் மகளும் மட்டும்தான் இருந்தார்களாம்.

“அந்தம்மா அவசரத்துல தப்பாப் பார்த்திருக்காங்க. இங்க ரெண்டு பேர் கையெழுத்து இருக்கே” என்றார் செயலாளர். “நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது.”

ரோலர்காரர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

பதினோரு வருடமாக மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அதற்கு முன்னால் லாரியில் கல் ஏற்றி இறக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டு ஆறு மாதம் பாயோடு கிடந்தபோது, மனைவியின் தம்பிதான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். கூடவே ஸ்கோர்போர்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அந்தத் தம்பிதான் பிள்ளைகளுக்குக் கோச். குதிகாலால் ஒரு அழுத்து அழுத்தி, பிட்ச் எத்தனை குடம் தண்ணீர் கேட்கிறது என்று ரோலர்காரர் சொல்லிவிடுவார். எழுத்துத்தான் அவருக்குக் கொஞ்சம் மெதுவாக வரும். உடை மாற்றும் அறைச் சுவரில் கிளப் விதிகளை மாட்டியபோது ஆணி அடித்தவர் அவரே. அடித்த கையோடு எழுத்துக் கூட்டிப் படித்தும் இருக்கிறார். பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது. பிள்ளைகளின் போனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. இரண்டு பெரியவர்கள் இல்லாமல் பயிற்சியே கூடாது.

அந்த இரண்டாவது பெரியவர் வேலையை அவர் தலையில் கட்டினார்கள். சும்மா கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தால் போதும், நீங்கள் எப்படியும் மைதானத்தில்தானே கிடக்கிறீர்கள் என்றார்கள். பயிற்சி தொடங்கும் நேரத்தில் அவருக்கு முழங்கை வரை களிமண்ணாக இருக்கும். பேனாவைத் தொட்டால் தாள் பாழ். அதனால் மைத்துனன் ஒரு வழி கண்டுபிடித்தான். திங்கட்கிழமை காலையில், கை சுத்தமாக இருக்கும்போதே, சனிக்கிழமை வரைக்கும் ஆறு கையெழுத்து. ரோலர்காரருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வெளியே வலை கட்டி ஆடியவரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பெண்ணுக்கு மட்டும் தனிப் பயிற்சி என்று ஷெட்டுக்குள் போனார்கள். மைதானத்தின் நடுவிலிருந்து பார்த்தால் ஷெட்டின் முதுகுதான் தெரியும். அவளோ முன்பெல்லாம் தொணதொணவென்று பேசுகிறவள், பிட்ச் தன் பக்கம் பேசவேண்டும் என்று அவரிடமே சிபாரிசு கேட்கிறவள். இப்போது குழாயடியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நேரம் கடத்தினாள்.

அன்று மாலை மைத்துனன் வீட்டுக்கு வந்தான். ரோலர்காரரின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் பிறந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. அவன் நேராகத் தொட்டிலுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

“என்ன மாமா, பேத்தி வந்ததும் மூஞ்சில தனி களைதான்” என்று சிரித்தான். பிறகு சிரிப்பு மாறாமலே, “நாளைக்கு ரெண்டு நிமிஷ வேலை. அந்தம்மா திறமையில்லாத தன் பொண்ணை டீம்ல போடச் சொல்றாங்க, நான் போடல, அதுக்குத்தான் இவ்வளவும்” என்றான்.

“அவ நல்லாத்தானே போடறா மாப்ள. பந்து அப்படித் திரும்புது.”

அவன் குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னான்: “நீங்க இருந்தீங்கன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க மாமா. இல்லைன்னா பொய் சொன்னது நானா, நீங்களா?”

ரோலர்காரர் எழுந்து போய்க் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். அது ஏன் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அவன் போனபின் மனைவி பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தாள். தம்பி இல்லாவிட்டால் நாம் தெருவில் நின்றிருப்போம், பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் எங்கே கூட்டிப்போவது, கையெழுத்தை முன்னாலேயே போட்டது தெரிந்தால் முதலில் போவது உங்கள் வேலைதான் என்றாள். எல்லாமே நியாயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு முட்டியது. வாயைத் திறந்தால் வீடு போகும். மூடினால் அந்த நர்ஸம்மா பொய்க்காரி ஆகிவிடுவார், பிள்ளை திரும்பவும் ஷெட்டுக்குப் போகும், அதற்கும் அவர் கையெழுத்தே காவல். சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி திரும்பிப் பார்க்காமலே, “நெஜமாவே அந்தப் பொண்ணு டீம்ல சேர ஆசைப்பட்டுத்தான் இதெல்லாமா?” என்று கேட்டாள்.

அவர் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை பிட்சுக்குத் தண்ணீர் விடாமல் நேரே செயலாளர் அறைக்குப் போனார். உள்ளே நர்ஸம்மா இரவு டியூட்டி முடித்த சீருடையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மைத்துனன் ஜன்னல் ஓரம் நின்றான். செயலாளர் பதிவேட்டை நர்ஸம்மா பக்கம் திருப்பி, விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். நர்ஸம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோலர்காரர் வாசற்படியைத் தாண்டவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாமல் மென்று விழுங்கி வைத்திருந்ததையும் சேர்த்து, அங்கிருந்தபடியே சொன்னார்:

“கையெழுத்து என்னோடதுதாங்க. திங்கக்கிழமையே போட்டது. வியாழக்கிழமை அந்த ஷெட்டுல நான் இல்ல. அந்தப் பொண்ணு வந்து, ‘நீங்களும் உள்ள வாங்க தாத்தா’ன்னு கூப்பிட்டுச்சு. கை மண்ணா இருக்குன்னு சொல்லிட்டு நான் போகல.”