பால் ஊற்றாத டீ

இண்டூர் கடைத்தெரு பின்னால் போய்விட்டிருந்தது. பென்னாகரம் ரோட்டின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை. போர்வைக்கு நடுவில், நசுங்காமல் இருப்பதற்காகத் துணி சுற்றி வைத்த ஒரு தேயிலைப் பொட்டலம்.

அன்று காலையில்தான் அக்கா வீட்டை விட்டுக் கிளம்பினேன். சண்டை எதுவும் இல்லை. மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "மாசி பொறந்தா பையனுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வருவாங்க. வூட்ல எடம் பத்தாது" என்றார். அக்கா என் தட்டில் களி உருண்டையை வழக்கத்தைவிடப் பெரிதாக உருட்டி வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. தின்று முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஏறியிருக்கலாம். நடக்கும்போது மனசு கொஞ்சம் அடங்கும் என்பதால் நடந்தேன். சாலையின் இருபுறமும் மரவள்ளிக் கொல்லைகள். சிலவற்றில் கிழங்கு பிடுங்கி முடித்து, குச்சிகளைக் கட்டுக்கட்டாக நிறுத்தியிருந்தார்கள்.

பென்னாகரத்தில் ஒருவர் பேக்கரி வைத்திருந்தார். அக்காவின் ஊர்க் கோயில் விசேஷத்துக்கு அவர் வந்தபோது பழக்கமானார். ஒகேனக்கல் போகிற கார்கள் எல்லாம் தன் கடையைத் தாண்டிப் போகின்றன, ஒன்றுகூட நிற்பதில்லை என்பது அவருடைய குறை. நான் நீலகிரியில் தேயிலை ஃபேக்டரியில் இருந்ததைச் சொன்னேன். அங்கே குளிர்காலத்தில் வரும் இலையின் டீயைப் பற்றியும் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது.

"அப்ப மலை டீன்னு போர்டு வெச்சரலாங்க" என்றார் அவர். "வந்து ஒரு நாளைக்குப் போட்டுக் காட்டுங்க. எங்க எல்லாத்துக்கும் புடிச்சுதுன்னா கடைக்கு முன்னாடி டீ மேடை உங்களுது. பின்னாடி ரூம் ஒண்ணு சும்மாதான் கெடக்குது, அங்கயே தங்கிக்கலாம்."

டீ மேடையைவிட அந்த ரூம்தான் எனக்குள் நின்றுவிட்டது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெங்களூரில் கட்டிட வேலை, கேரளாவில் ரப்பர்க் காடு, கிணறு வெட்டு, செங்கல் சூளை என்று போன இடமெல்லாம் கும்பலோடு கும்பலாகப் படுத்துத்தான் பழக்கம். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி ஓரிடம் எனக்கு இருந்ததில்லை. இந்த டீ அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அது கிடைத்துவிடும். இதைத் தவிர அந்த நடையில் வேறு யோசனை எதுவும் வரவில்லை.

ஃபேக்டரியில் எனக்குக் கிடைத்தது டீயைச் சுவை பார்க்கும் அறையில் கோப்பை கழுவுகிற வேலை. நீளமான மேஜையில் மூடி போட்ட வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைப்பேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இலை, மேலே கொதிக்கிற தண்ணீர். சிறிது நேரம் கழித்துச் சாற்றைக் கிண்ணங்களில் வடிப்பேன். சுவை பார்க்க வருகிற அதிகாரி கரண்டியில் எடுத்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, வாயில் உருட்டி, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார். அவர் போனபின் கிண்ணங்களைக் கழுவுவதற்கு முன்னால் நானும் உறிஞ்சிப் பார்ப்பேன். ரொம்ப நாள் வரை எல்லாம் ஒரே வெந்நீராகத்தான் இருந்தது. பிறகு ஒரு தை மாதம், மேட்டுத் தோட்டத்தில் பனி இறங்கிய நாட்களில் பறித்த இலை வந்தது. சாற்றின் நிறம் ஆவாரம்பூவுக்குக் கொஞ்சம் சிவப்புக் கூடின மாதிரி. வாயில் வைத்தால் கனமே இல்லை. விழுங்கின பிறகு, மூச்சை மூக்கு வழியாக விட்டால், எலுமிச்சை இலையைக் கசக்கின வாசனை வந்தது. நாக்கின் இரண்டு ஓரங்களிலும் சுருக்கென்று ஒன்று பிடித்து, மெதுவாக விட்டது. அன்று கிண்ணங்களைக் கழுவத் தாமதமாகி ஏச்சு வாங்கினேன்.

அப்புறம் ஃபேக்டரி இலை டீயை நிறுத்திவிட்டது. தூள்தான் விற்கிறது என்றார்கள். சுவை பார்க்கிற அறையில் சாக்கு அடுக்கினார்கள். எனக்கும் வேலை இல்லை. அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது சூப்பர்வைசர் கடைசியாகப் போட்ட பனிக்கால இலையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதுதான் பைக்குள் இருந்தது.

பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முதலாளி கல்லாவில் இருந்தார். பாய்லர் பக்கத்தில் டீ மாஸ்டர், பனியனோடு நின்றுகொண்டிருந்தார். கரையேறிக் கறுத்த துணி வடிகட்டியை உயரத் தூக்கி வடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மலை டீ எறங்கி வந்துருச்சுங்களா? எனக்கு வேல போயிருமா, இருக்குமா?"

"உனக்கு எங்கய்யா வேல போகும்? உன்ன வெச்சுக்க வேற எவன் இருக்கான்?" என்றார் முதலாளி.

பால் படாத பாத்திரம் ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"எங்க ஏனமெல்லாம் பால்லதாங்க பொறந்துது" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் உள்ளே போய் ஒரு புதுச் சட்டி கொண்டுவந்தார். குழாயில் தண்ணீர் பிடித்துக் கொதிக்கவைத்தேன். இலையைப் போட்டு, தட்டால் மூடி, காத்திருந்தேன். கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பேர் பன்னை மென்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

தட்டைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. வாசனை வரவில்லை. வடித்தபோது நிறம் புளி கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மேலே எண்ணெய் படிந்த மாதிரி மெல்லிய ஏடு, ஊதினால் துண்டு துண்டாக உடைந்தது. ஒருவேளை சுவை இருக்கும் என்று கரண்டியில் எடுத்து, பழக்கத்தில், சர்ரென்று உறிஞ்சினேன்.

"ஏனுங்க, சூடா? ஊதிக் குடிக்கறதுதான?" என்றார் பன் தின்றவர்.

"அவரு டேஸ்ட் பண்றாருய்யா" என்றார் முதலாளி. ஆனால் அவர் குரலிலும் சிரிப்பு இருந்தது.

வாயில் ஒன்றுமே இல்லை. சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஒரு கனம் மட்டும். முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குத்தானா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இலை கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பொட்டலத்தை மோந்து பார்த்தேன், இல்லை. சட்டியையும் மோந்து பார்த்தேன். மாஸ்டர் என் கையிலிருந்து சட்டியை வாங்கி, உள்ளடி தெரிகிற மாதிரி சாய்த்துக் காட்டினார். ஒரே தடவை கொதித்ததற்கே உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"போர்த் தண்ணிங்க. எங்க வூட்ல இதுல பருப்பே வேகாது. உங்க எல எப்பிடி வேகும்?" அவர் சிரித்தபோது, இந்தப் பக்கத்துத் தண்ணீரால் பலருக்கும் வருகிற பழுப்புக் கோடு அவர் பல்லிலும் தெரிந்தது.

மலையில் எத்தனை வருடம் இருந்தும் தண்ணீரைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அங்கே குழாயைத் திறந்தால் சோலையிலிருந்து வரும். இங்கே தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வைத்து, பாலையும் சர்க்கரையையும் கொட்டுவதால் எந்தத் தண்ணீரானாலும் தெரிவதில்லை. தருமபுரி ஜில்லாவில் பிறந்த எனக்கே இது தோன்றாமல் போயிற்று.

ஆற்றுத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். முதலாளி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி படியில் பாதி இறங்கி நின்றார்.

"ஒகேனக்கல் தண்ணி கேக்கறாரும்மா. ஒரு சொம்பு."

"எதுக்கு?"

"டீ போட."

"நல்லாருக்குது. பைப்புல எப்ப வருது எப்ப நிக்குதுன்னே தெரியல. கொடத்துல புடிச்சு வெச்சு, குடிக்கறதுக்கு மட்டும் அளந்து அளந்து குடுத்துட்டு இருக்கறன். அதுல டீ போடறதாமா?" என்றார். ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு மேலே போகவில்லை. தன் தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்க்க அங்கேயே நின்றார்.

அதற்குள் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கடையில் கூட்டம் இல்லை. தண்ணீர் கொதித்து, முதல் கொதி அடங்கியதும் இறக்கி, இலையைப் போட்டு மூடினேன்.

தட்டைத் தூக்கியபோது வாசனை என் முகத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடி டம்ளரில் வடித்தேன். அதே நிறம், அடிவரை தெளிவாக. விளிம்பைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று மினுங்கியது. உறிஞ்சினேன், இந்த முறை சத்தமில்லாமல். எதுவும் குறையவில்லை.

எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், முதலில் அப்படியே குடித்துப் பாருங்கள் என்றேன். முதலாளி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். புருவத்தை உயர்த்தினார்.

"வாசன இருக்குதுங்க" என்றார். "தொண்டைல என்னமோ பூ மாதிரி நிக்குது."

அந்த நேரத்தில் பின்னால் இருக்கும் ரூமில் பையை எந்த மூலையில் வைப்பது என்றுகூட எனக்குள் ஓடிவிட்டது.

மாஸ்டர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "நல்லாத்தான் இருக்குது. எப்பங்க டீ போடுவீங்க?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடியே, வாயில் வைக்காமல் சொன்னார்:

"இத வர்றவங்களுக்கு எப்பிடிங்க குடுக்கறது? பால் ஊத்தாம டீ குடுக்கறது எழவு வூட்ல. இல்லன்னா மாடு கறக்காத வூட்ல. நாளைக்கு நம்ம சொந்தக்காரங்க இந்த வழியா வந்தா என்ன பேசுவாங்க? அவங்க கடைல பால் வாங்கக்கூட வக்கில்லன்னு ஊரெல்லாம் சொல்ல மாட்டாங்களா?"

"கார்ல வர்ற வெளியூருக்காரங்களுக்குத்தானம்மா" என்றார் முதலாளி.

"போர்டு நம்ம கடைக்கு மேலதான நிக்கும்?"

அந்த அம்மாள் சொன்னது எனக்கும் தெரிந்ததுதான். நான் பிறந்து வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான். சாவு நடந்த அன்று பால் இல்லாமல் டீ வரும். யாரும் அதில் வாசனை இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள்.

முதலாளி, மனைவியையும் விட்டுக்கொடுக்காமல் என்னையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு வழி பார்த்தார். "கொஞ்சமா பால் விட்டுப் பாப்பமா?" என்றார். மாஸ்டர் பால் குவளையைச் சாய்த்தார். ஆவாரம்பூ நிறம் சாம்பல் கலந்த கழனித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. முதலாளி குடித்துப் பார்த்தார். நானும் குடித்தேன். சூடான பால் மட்டும்தான் இருந்தது.

"இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டா?" என்றார் மாஸ்டர். இந்த முறை கிண்டல் இல்லை. எனக்காகத்தான் கேட்டார்.

போட்டார்கள். கூடவே கடைத் தூளிலும் ஒரு கரண்டி போட்டார்கள். அது நன்றாகவே இருந்தது. பன் தின்றவர்கூட இன்னொரு டம்ளர் கேட்டார்.

"பாருங்க, இதையே மலை டீன்னு குடுக்கலாம்" என்றார் முதலாளி. சொல்லிக்கொண்டு வரும்போதே அவருக்கும் அது புரிந்துவிட்டது. என் முகத்திலிருந்து பார்வையை எடுத்துக் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார். இஞ்சியும் ஏலக்காயும் தட்டுவதற்கு ஏற்கெனவே ஒரு மாஸ்டர் இருக்கிறார்.

"நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்கண்ணா" என்றார் கல்லாவைப் பார்த்தபடியே.

"இதுல என்னங்க இருக்குது" என்றேன்.

மிச்சமிருந்த இலையை அந்த அம்மாளிடமே கொடுத்தேன். தண்ணீரை வீணாக்கியதற்கு ஈடாகக் கொடுக்க வேறு எதுவும் என்னிடம் இல்லை. அவர் வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து, தூள் டின்னுக்குள் கொட்டிக் குலுக்கி மூடினார். எனக்கு வருத்தமாக இல்லை. நான் வைத்திருந்தாலும் எந்தத் தண்ணீரில் போடுவது?

அன்று ராத்திரி பின்னால் இருந்த ரூமில் படுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. மைதா மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். கதவில் தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போடாமலே படுத்தேன். ஒரு ராத்திரிக்கு எதற்கு.

விடிந்ததும் யாரையும் எழுப்பாமல் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு முக்கில் மினி லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஆணும் பெண்ணுமாகச் சிலர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி என் பையையும் என்னையும் மேலும் கீழும் பார்த்தார்.

"கெழங்கு புடுங்கத் தெரியுமா?"

"தெரியும்."

"லோடும் ஏத்தணும். மூட்ட தூக்குவீங்களா, இந்த வயசுல?"

"தூக்குவேன்."

"அப்ப ஏறுங்க."

ஏறினேன். ஒரு அம்மாள் தன் சோற்றுத் தூக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டார். கொல்லையில் இறக்கிவிட்டபோது மண் இன்னும் இறுகித்தான் இருந்தது. செடியைத் தூரில் பிடித்து, இரண்டு பக்கமும் ஆட்டி, முதுகைப் பின்னால் சாய்த்து இழுத்தேன். கிழங்கு பாதியில் முறிந்து, மீதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. "மெதுவா இழுங்க, முறிஞ்சா எடுக்க மாட்டாங்க" என்று பக்கத்து வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். கடப்பாரையை வாங்கி, மீதியைத் தோண்ட ஆரம்பித்தேன்.