உதயாவும் ராஜவேல் வாங்கிய டேப்லெட்டும்

டெல்லியில் நம் ஆட்கள் வீட்டுக் கல்யாண வீடியோவில், தாலி ஏறும் நேரத்தில் யார் தலையும் மறைக்காமல், கெட்டிமேளம் காதில் விழ, பெண்ணின் முகம் முழுசாகத் தெரிந்தால், அது என் பக்கத்து ஃபிளாட் உதயா எடிட் செய்த வீடியோ. அவள் பெயர் அதில் இருக்காது. ‘ராஜவேல் ஃபிலிம்ஸ்’ என்று தங்க எழுத்து சுழன்று சுழன்று வரும். அந்த எழுத்தைச் சுழல வைத்தவளும் அவள்தான். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் அம்பிகா. வங்கியில் வேலை, மயூர் விஹாரில் வீடு. எனக்கு வாய் அதிகம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். உதயாவுக்கு வாயே கிடையாது, அவளுக்கும் சேர்த்து நான் பேசுகிறேன்.

உதயா இங்கேயே பிறந்தவள். அப்பா ஒரு அமைச்சகத்தில் கிளார்க், கரோல் பாக்கில் ஒண்டுக்குடித்தனம். தபாலில் பி.காம். படித்தாள். கணவர் கௌதமன் ராணுவத்தில். இன்று ஜோத்பூர், நாளை தேஜ்பூர். தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று, யாரோ கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, தன் கல்யாண வீடியோவையே பிரித்து மேய்ந்து எடிட்டிங் கற்றுக்கொண்டாள். அவளுக்குத் தாலி கட்டும் நேரத்தில் வீடியோவில் பதிவாகியிருந்தது யாரோ ஒரு பெரியப்பாவின் முதுகு. அந்த ஆத்திரத்தில்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாள்.

ராஜவேல் மதுரைப் பக்கத்துக்காரர். கரோல் பாக்கில் ஸ்டூடியோ. கேமரா பிடிக்கத் தெரிந்த மனுஷன், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்யாணத்தில் எடுப்பது அவர், வீட்டில் உட்கார்ந்து அதை வீடியோவாக ஆக்குவது இவள். பல வருஷமாக இப்படித்தான். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஏதாவது ஒரு மண்டபத்தில், ஜனங்கள் உட்கார்ந்திருக்கும்போது, திரையில் தன் பெயர் ஒரு தடவை வர வேண்டும். மாமியார் வீட்டில் இன்றைக்கும் அவளைப் பற்றி, ‘கம்ப்யூட்டர்ல சினிமா பார்த்துக்கிட்டே இருப்பா’ என்றுதான் பேச்சு. வெளியிலும் யாருக்கும் அவள் முகம் தெரியாது, அதனால் யாரும் அவளை நேரே தேடி வருவதும் கிடையாது.

“அண்ணே, கடைசியில சின்னதா என் பேரைப் போட்டுக்கட்டுமா?” என்று கேட்பாள்.

“போட்ருவோம்மா, அடுத்த கல்யாணத்துல போட்ருவோம்” என்பார். அந்த அடுத்த கல்யாணம் வரவே இல்லை.

அப்போதுதான் எங்கள் பிளாக்கில் இருக்கும் வைதேஹி மாமி, பெண் மாதங்கியின் கல்யாணத்துக்கு ராஜவேலைப் பேசிவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்: “அம்பிகா, எடிட்டிங்கும் இனிமே அவரே பண்ணப்போறாராமே? புதுசா ஏதோ டேப்லெட் வாங்கறாராம். உதயாவை நிறுத்திடப் போறாராம். உனக்குத் தெரியுமோ?”

எனக்குத் தெரியாது. உதயாவுக்கும் தெரியாது. போய்ச் சொன்னேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. “வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேங்க்கா” என்றாள், அவ்வளவுதான்.

மறுவாரம் ராஜவேல் உதயா வீட்டுக்கு வந்தார், நானும் அங்கேதான் இருந்தேன். எதுவும் நடக்காத மாதிரி சோபாவில் சாய்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினார். சந்தையில் அப்போது வந்திருந்த டேப்லெட்களிலேயே பெரியது, விலையும் பெரியது. லேப்டாப்பில் போடும் அதே சிப்பை இதில் போட்டிருக்கிறார்களாம்.

“நீதான் இதெல்லாம் தெரிஞ்சவ. சொல்லும்மா, வாங்கலாமா?”

எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் பாருங்கள்! யாருடைய சோற்றில் கை வைக்கப்போகிறாரோ அவளிடமே யோசனை கேட்கிறார்.

உதயா படத்தை உற்றுப் பார்த்தாள். “ஸ்கிரீன் பிரமாதம். வேகத்துல என் கம்ப்யூட்டரெல்லாம் இது கிட்டவே நிக்க முடியாது. தாராளமா வாங்குங்கண்ணே.”

அவர் போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். “ஏண்டி, நிஜமாவா?”

“சொன்னது அத்தனையும் நிஜம்க்கா. வேகத்துல குறையே கிடையாது. அதுல ஓடுற சாஃப்ட்வேர்தான் அதோட கையைக் கட்டிப் போட்டிருக்கு.” தன் பழைய டேப்லெட்டை எடுத்துக் காட்டினாள். இதே ஆசையில் அவளும் ஒரு காலத்தில் வாங்கி, இப்போது அதில் சமையல் வீடியோ பார்க்கிறாள். “கம்ப்யூட்டர்ல ஒரு வீடியோ ரெடியாகிட்டே இருக்கும், நான் பாட்டுக்கு வேற நாலு வேலை பார்ப்பேன். இதுல இருக்கிற எடிட்டிங் ஆப், வீடியோ ரெடியாகும்போது அதை விட்டு வேற எங்கேயும் போகக் கூடாது. ஒரு போன் வந்து எடுத்தாப் போச்சு, மொதல்லேருந்து. திரை அணைஞ்சாலும் அதே கதை. புதுசுலயும் அதே ஆப்தான். பழசு செய்யுறதை அது ஜல்தியா செய்யும். பழசு செய்யாததை அதுவும் செய்யாது.”

“அவருகிட்ட இதைச் சொல்லலையே?”

“இல்ல” என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போனாள். வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்திருந்தவள்! எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ராஜவேல் வாங்கினார். வாங்கிய கையோடு உதயாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். நேரில் வந்து சொல்லக்கூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. “தப்பா எடுத்துக்காதம்மா, இனிமே எல்லாம் இதுலயே முடிஞ்சுருது. உன் டப்பாவுக்கும் ரெஸ்ட் குடு.” பின்னாலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் வேறு. உதயா அதை ஒரு தடவை கேட்டாள். நான்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் திட்டினேன்.

மாதங்கியின் கல்யாணம் வந்தது. டெல்லியில் நம் கல்யாணங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தம் காலங்கார்த்தால, நம் ஆட்களோடு முடிந்துவிடும். ஆபீஸ்காரர்கள் சாயங்காலம் ரிசப்ஷனுக்குத்தான் வருவார்கள். காலையில் நடந்ததை அன்றைக்கே எடிட் செய்து, அவர்கள் முன்னால் பெரிய திரையில் போட்டுக் காட்டுவது ஒரு கௌரவம். வைதேஹி மாமிக்கு அது கௌரவத்துக்கும் மேலே. மாமியின் கணவர் விஸ்வநாதனோடு வேலை பார்த்தவர்களின் மனைவிமார் காலம் பூராவும், “ஆப் லோகோன் மே ஷாதி கைஸே ஹோதி ஹை, பஸ் இட்லி கிலாதே ஹோ?” என்று, உங்கள் கல்யாணத்தில் வெறும் இட்லிதானா என்கிற மாதிரி கேட்டுக் கேட்டுச் சிரித்தவர்கள். அவர்கள் வாயைப் பிளந்து பார்க்க வேண்டும் என்று மாமி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நானும் உதயாவும் பட்டுப்புடவையில், விருந்தாளிகளாக, ரிசப்ஷன் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். ஆபீஸ்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. மேடைக்குப் பக்கத்து அறையில் ராஜவேல் டேப்லெட்டும் கையுமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது, எல்லாம் தெரிந்தது. வீடியோ பாதி ரெடியாகும். அடுத்த கல்யாணப் பார்ட்டி அதே டேப்லெட்டில் வீடியோ கால் போடும். இவர் எடுத்து, “அச்சா ஜி, பில்குல் ஜி” என்று குழைவார். திரும்பி வந்து பார்த்தால் ரத்து. மறுபடியும் ஆரம்பிப்பார். ஏன் நின்றுபோகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. மட்டமான பீஸைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. “நல்லா வேணும்” என்றேன். உதயாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் அவளிடம் பார்த்ததே இல்லை.

அப்போது வைதேஹி மாமி அறை வாசலுக்கு வந்தாள். “என்ன ராஜவேல், எல்லாரும் வந்தாச்சே, இன்னும் ஆகலையா?” என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஒன்றும் திட்டவில்லை. அப்படியே சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

உதயாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. எழுந்தாள்.

“உட்காருடி! அவன் மானம் போகட்டும்.”

“இது மாமி மானம்க்கா” என்று சொல்லிவிட்டு நேரே அறைக்குள் போனாள். நான் சும்மா இருப்பேனா, பின்னாலேயே போனேன்.

“கேமரா கார்டைக் குடுங்க. வீட்டுக்குப் போய் என் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொண்டாரேன்.”

ராஜவேல் தலையைக் குனிந்தார். “அழிச்சுட்டேன்மா. ரிசப்ஷன் எடுக்க இடம் வேணும்ல? காலையில எடுத்தது எல்லாமே இதுக்குள்ளதான் இருக்கு.”

உதயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எந்தக் குறையை மறைத்தாளோ அதே பெட்டிக்குள்தான் இப்போது அவளும் வேலை செய்ய வேண்டும். அதைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தாலி கட்டும் இடத்தில் ராஜவேல் ஏதோ இந்திப் பாட்டைப் போட்டு வைத்திருந்தார். சண்டாளா! அதைத் தூக்கி எறிந்துவிட்டு நிஜ கெட்டிமேளத்தைப் போட்டாள். மறைத்துக்கொண்டு நின்ற தலைகளை வெட்டினாள். சுழலும் தங்க எழுத்தை அழித்தாள். அந்த இடத்தில் என்னவோ தட்டினாள். ராஜவேல் எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

டேப்லெட்டை மேஜையில் நிமிர்த்தி வைத்தாள். அதில் வரும் போன் கால்களையெல்லாம் வராமல் நிறுத்தினாள். “ராஜவேல் சார், இங்க உட்காருங்க” என்றாள். எப்போதும் அண்ணன் என்று கூப்பிடுபவள், சார் என்றாள். “திரை அணையப் பார்க்கும். அணையிறதுக்கு முன்னாடி ஓரத்துல லேசாத் தொடணும். வேற எதையும் தொடக் கூடாது. எந்திரிக்கக் கூடாது.”

“அப்ப ரிசப்ஷனை யாரு எடுக்குறது?”

அவர் கழுத்தில் தொங்கிய கேமராவை அவளே கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ராஜவேல் ஃபிலிம்ஸின் முதலாளி, ஊர்க் கல்யாணத்தையெல்லாம் ஆட்டி வைத்தவர், வெளியே நாதஸ்வர வாசிப்பும் சாப்பாடும் அமர்க்களப்பட, ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு கண்ணாடிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெயிட்டர் ஒருவன் எட்டிப் பார்த்து, “கியா ஹுவா பையா, கானா நஹி காவோகே?” என்று சாப்பிடக் கூப்பிட்டான். பதில் சொல்லக்கூட அவர் திரும்பவில்லை. நான் வேண்டுமென்றே குலாப் ஜாமூன் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் ரெண்டு தரம் போய் வந்தேன்.

மேடைக்குக் கீழே, உதயா கேமராவுக்குப் பின்னாலிருந்து என் காதில் சொன்னாள்: “திரை அணையாம இருக்க செட்டிங்ஸ்ல ஒரு பட்டன் இருக்குக்கா. அதைத் தட்டிவிட்டா யாருமே உட்கார வேண்டாம்.”

வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடி அங்கே சிரித்தேன்.

வீடியோ ரெடியாகி, பென் டிரைவில் ஏறி, திரையில் ஓடியது. கெட்டிமேளம் அந்த ஹாலையே தூக்கியது. மாதங்கியின் முகம் திரை நிறைய. இட்லி என்று சிரித்த அந்தப் பஞ்சாபிப் பெண்மணிகள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி வைதேஹி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஹாய், மேரே தோ ஆன்சூ ஆ கயே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமி நிமிர்ந்து நின்றாள். கடைசியில் வெள்ளை எழுத்தில், அசையாமல், தமிழிலும் இந்தியிலும் ஒரே வரி வந்தது: படத்தொகுப்பு, உதயா.

வேறு எவர் பெயரும் இல்லை. கைதட்டினார்கள். யார் இந்த உதயா என்று கேட்டார்கள். மாமி அவளைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அழுதேன். அழுதுகொண்டே ராஜவேல் எங்கே நிற்கிறார், எல்லாவற்றையும் பார்க்கிறாரா என்று தேடினேன். அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கூட்டம் கலையும்போது வந்தார். டேப்லெட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். “உதயா, தப்புத்தாம்மா. வந்துரு. இனிமே ஒவ்வொரு படத்துலயும் உன் பேரு போடுறேன்.” அவள் கேமராவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவள் தயங்காமல் கால்களை நிறுத்தியதும், தன்னை விரலை நீட்டி உட்கார வைத்ததும் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் முகத்தையே பார்த்தார்.

“இந்தச் சனியன் இப்படிப் பண்ணும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் உன் வீட்டுக்கே வந்து கேட்டனேம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்டது வாங்கலாமான்னு. என்னை நிறுத்தலாமான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, “வாங்கக்கா, மெட்ரோ போயிடும்” என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.