பாகான் ஒன்பது மணி

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். அங்கே ரயில் ஏறினால் நேரே அஸ்ஸாமின் தின்சுகியா, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இந்த மே மாதம் அனிமாவின் கல்யாணத்துக்காகத் தனியாகவே கிளம்பினேன். படுக்கையில் கிடந்த என் மாமியாரை மூன்று வருடம் பார்த்துக்கொண்ட பெண். தாயில்லாதவள். "சர்ச்சுல அம்மா சேர்ல நீங்கதான் உக்காரணும் ஆன்ட்டி" என்று போனில் சொல்லியிருந்தாள். தமிழை எங்கள் தெருவில் கற்றவள்.

வழியெல்லாம் டீயின் விலை ஏறியது, கப் சின்னதாகிக்கொண்டே வந்தது.

தின்சுகியாவில் லாட்ஜ் அறை எண்ணூறு ரூபாய். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. டூம்டூமா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கார் பேசினேன். காலை ஒன்பதுக்குக் கல்யாணம் என்றதும் டிரைவர் இந்தியில் கேட்டார்: "பாகான் டைமா, இந்தியா டைமா?"

பாகான் ஏதோ எல்லை தாண்டிய ஊர் என்று நினைத்துக்கொண்டேன். இந்தியா முழுக்க ஒரே டைம்தான் என்று உடைந்த இந்தியில் பாடமே எடுத்தேன். முப்பது வருட டீச்சர், வாய் சும்மா இருக்குமா? அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் நாலரைக்கே ஜன்னலில் வெயில். கேம்ப் ரோட்டில் அந்நேரத்துக்கு நாய்கள்கூடத் தூங்கிக்கொண்டிருக்கும். பட்டுப்புடவை கட்டி, சர்ச்சுக்குப் போகிறோமே என்று போனை சைலன்ட்டில் போட்டு, ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தோட்டத்துச் சர்ச்சில் இறங்கினேன்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் ஒன்றை மட்டும் மடக்கவில்லை. அதன் மேல் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. போனில் அனிமாவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

பாகான் என்றால் தேயிலைத் தோட்டமாம். விடியல் சீக்கிரம் என்பதால் தோட்டத்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுமாம். போதகருக்கு வேறு தோட்டத்தில் இன்னொரு கல்யாணம், கால்மணிக்கு மேல் காத்திருக்க முடியாமல் முடித்துவைத்துவிட்டுப் போய்விட்டாராம். மணமகள் கோலத்தில் அனிமா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கரெக்டாத்தான் வந்தீங்க ஆன்ட்டி. உங்க ஒன்பது மணிக்கு."

கோபித்திருந்தால் தேவலை. அவள் கையில் பழைய வாட்ச். சேலையூருக்கு வந்த முதல் நாள் அது ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டியது. கெட்டுப்போச்சு என்று சொல்லி, அவளைக் கேட்காமலே திருத்திக் கொடுத்தவள் நான். இப்போது மறுபடி தோட்டத்து நேரத்துக்குத் திரும்பி, பத்தைத் தொடப்போனது.

மறுநாள் புதுத் தம்பதி இருவரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். "டிரெய்ன் உங்க டைம்தான், இன்னும் ஒரு மணி நேரம் கீது" என்று அனிமா பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளை என்னிடம் மணி கேட்டார். வாட்சைப் பார்த்தேன். வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு அவரைக் கேட்டேன்.

"எந்த டைம், மாப்பிள்ளை?"