கொழுந்துக் காலத்துச் சம்பளம்

என் மகளுக்கு ஆறு வயதில் வலிப்பு வரத் தொடங்கியது. எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் அதற்கு மாத்திரை இல்லை. மாதம் ஒருமுறை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடும்ப வருமானம் குறைவு என்று தோட்டத்து ஆபீசில் கடிதம் வாங்கிப் போனால் அங்கே மருந்து சும்மா கிடைக்கும். வரம்பைத் தாண்டினால் காசு கட்ட வேண்டும். நாடு சுதந்திரம் அடைந்த புதிதில் அப்படித்தான் இருந்தது.

ஒரு மாதம் கொழுந்து நிறைய வந்தது. லீவு நாளிலும் போய் எடுத்தேன். சம்பளம் கூடியதில் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஆஸ்பத்திரிக் கிளாக்கர் கடிதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"புருஷன் சம்பளமும் உன் சம்பளமும் சேர்ந்தா வரம்புக்கு மேல போகுது. காசு கட்டணும்."

"ஐயா, இது கொழுந்துக் காலத்துச் சம்பளங்க. மத்த மாசத்துல பாதி நாள்கூட வேலை இருக்காதுங்க."

"கடிதத்துல இருக்கிறதத்தான் நான் பார்க்கலாம்."

கையில் பஸ் காசு மட்டும்தான் இருந்தது. லயத்து வீட்டில் மிச்சம் நான்கு மாத்திரை. இரண்டு நாளுக்குத்தான் காணும்.

வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்து என் வீட்டுக்காரர் கத்தினார். "லீவு நாள்ல ஒன்னைய யாரு மலைக்குப் போகச் சொன்னா?"

பிள்ளையின் மருந்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று மிச்ச மாத்திரையைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

மறுநாள் காலை பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்காமல் மகளோடு ஆபீசுக்குப் போனேன். ஒரு மாதக் கணக்குதான் எழுதுவது வழக்கம் என்றார் பெரிய கிளாக்கர். தோட்டத்தை நடத்தும் துரை வரும்வரை வாசலிலேயே நின்றேன். அவர் வந்ததும் குறுக்கே போய்விட்டேன்.

"பொய் எழுதச் சொல்லலீங்க தொரை. வருஷம் முழுக்க நாங்க வாங்குனத எழுதிக் குடுங்க."

துரை என்னை முறைத்தார். பிறகு கிளாக்கரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். கடிதம் கைக்கு வரச் சாயங்காலம் ஆனது.

அடுத்த நாள் முதல் பஸ். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதே மகளின் இடது கைவிரல்கள் துடித்தன. எனக்குத் தெரிந்த அறிகுறி அது. ஆஸ்பத்திரிக் கிளாக்கர் என் கடிதத்துக் கணக்கைப் பென்சிலால் மெதுவாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, சீக்கிரங்க!"

அவர் நிமிர்வதற்குள் அவள் சரிந்துவிட்டாள். நர்ஸம்மா ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. வருஷக் கணக்கு வரம்புக்குள் வந்தது; கிளாக்கர் சீட்டில் முத்திரை குத்தினார்.

"ஆறு மாசத்துக்குச் செல்லும். அப்புறம் புதுக் கடிதம் கொண்டு வரணும்."

"சரிங்க" என்றேன். மாத்திரைப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.