ஈப்போ நாத்தனார்

திருப்பரங்குன்றத்தில் கணக்கு டீச்சர் அன்னக்கொடியைத் தெரியாதவர்கள் குறைவு. முதல் தடவை பார்க்கிறவர்கள் மட்டும் சற்றுத் திகைப்பார்கள். பெயரோ உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு ஒன்று கிடக்கிற பெயர். முகமோ அசல் சீன முகம். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், 'இதுவும் பெண்ணாப் போச்சு' என்று ஒரு சீனக் குடும்பம் கொடுத்துவிட்ட கைக்குழந்தையை வாங்கி வளர்த்தவர் முத்திருளன். மதுரைக்கு மேற்கேயிருந்து இளவட்டத்தில் கப்பலேறிப் போன மனுஷன். தன்னைப் பெற்ற தாயின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார். அவருக்கு அதில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை, சந்தேகமெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அன்னக்கொடி பட்டப்படிப்புக்காக மதுரைக்கு வந்தாள். பசுமலைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. கப்பலேற்றிவிட வந்த அப்பா, உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாகப் படி என்றெல்லாம் சொல்லவில்லை.

"ஆத்தா, அங்கன ஒன்னைய எந்தக் கோயிலுன்னு கேப்பாக. ஒத்தப்பனைப் பேச்சின்னு சொல்லு. மத்ததை அவுக பாத்துக்கிருவாக. ஆனா கேட்டாத்தான் சொல்லணும். கேக்காமப் போயிச் சொல்றது பிச்சை எடுக்கிறது மாதிரி."

மேற்கே அதுதான் வழக்கம். புது ஆள் வீட்டுக்கு வந்தால் சொம்பில் தண்ணீர் வருவதற்குள் 'எந்தக் கோயில் கும்பிடுறீக' என்ற கேள்வி வந்துவிடும். ஒரே குலசாமி என்றால் பங்காளி. அண்ணன் தங்கை முறை. வேறு சாமி என்றால் மாமன் மச்சான்; பெண் எடுக்கலாம், கொடுக்கலாம். இரண்டில் ஒன்றாக ஆகாத மனிதரே அந்தச் சீமையில் கிடையாது.

ஆனால் ஒரு வருஷம் ஓடியும் அன்னக்கொடியை ஒருவரும் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள், ஈப்போ என்றாள், அத்தோடு சரி. அந்த முகத்துக்கு ஒரு குலசாமி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அறைத்தோழி செல்லத்தாய்க்கே தோன்றவில்லை. அவளோ செக்கானூரணிக்கு அந்தப் பக்கத்துக்காரி, வழியில் போகிற ஆட்டைக்கூட எந்தக் கோயில் என்று கேட்கிற வம்சம். அன்னக்கொடியும் சொல்லவில்லை. அப்பாவின் ரோஷம் அவளிடமும் இருந்தது. ராத்திரி படுக்கும்போது மட்டும், ஊருக்குத் திரும்பிப் போனால் அப்பாவிடம் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பாள்.

செல்லத்தாயின் பெரியம்மா மகள் ஜெயக்கொடிக்கு ஆரப்பாளையத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் வைத்தார்கள். ஞாயிறு காலை முகூர்த்தம். சனிக்கிழமையே கிளம்பி, டவுனைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் மண்டபத்துக்குப் போவதாகத் திட்டம். அன்னக்கொடி, செல்லத்தாய், இன்னொரு தோழி வாலாம்பாள் மூவரும் வார்டனிடம் கெஞ்சி அனுமதி வாங்கிப் புறப்பட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமையை அவர்கள் வீணாக்கவில்லை. புது மண்டபத்தில் வளையல் வாங்கினார்கள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தார்கள். மேட்னி பார்க்கப் போன இடத்தில் பெண்கள் வரிசை தெருமுனை வரை நின்றது. அன்னக்கொடியின் முகத்தைப் பார்த்ததும் வாட்ச்மேன் "மேடம், கம் கம்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

"ஏண்டி, நீ கூட இருந்தா க்யூவே கிடையாதுடி. வாராவாரம் வந்துடலாம்," என்றாள் வாலாம்பாள். அவளுக்கு எல்லாமே சிரிப்புதான்.

பூக்காரரிடம் அன்னக்கொடி, "அண்ணே, மல்லி எம்புட்டு?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்து, விரல்களை விரித்துக் காட்டி, "மேடம், திஸ் மச்" என்றார். "அண்ணே, நான் தமிழ்லதான கேக்குறேன்" என்றாள். "யெஸ் மேடம், குட் தமிழ்" என்றார் அவர். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் பூவைத் தலையில் வைத்தபோது கண் கலங்கியது.

மண்டபத்தில் மரியாதை இன்னும் அதிகம். வாசலிலேயே மாப்பிள்ளையின் சித்தி ஒச்சாயி ஓடிவந்து, பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களையெல்லாம் விலக்கி, அவளுக்கு மட்டும் ஒரு இரும்பு நாற்காலி போட்டாள். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ராத்திரிப் பந்தியில் எல்லோருக்கும் இலை. அவளுக்கு இலையோடு ஒரு கரண்டியும் வந்தது. "பாவம், வெளிநாட்டுப் பிள்ளை, கையால திங்கத் தெரியுமோ என்னமோ" என்று ஒச்சாயி பக்கத்திலேயே நின்றாள். அன்னக்கொடி கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாம் காலியாயின. சுரைக்காய்க் கூட்டு மட்டும் அப்படியே இருந்தது. சமையல், பெண் வீட்டாரின் ஏற்பாடு. ஒச்சாயி இலையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், அடுத்த இலையைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, பெண்ணும் மாப்பிள்ளை சுருளியும் மணவறையில் உட்கார்ந்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. அவர்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் போட வேண்டியவள் அவன் கூடப் பிறந்தவள். சுருளிக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. அதனால் பங்காளி மகள், தங்கை முறைக்காரி முருகம்மாள் போடுவதாக இருந்தது. அவளும் மாப்பிள்ளையின் குலசாமிக் கோயிலில் பிறந்த மற்றப் பெண்களும் காலையில் ஒரு பஸ்ஸில் புறப்பட்டிருந்தார்கள். அந்த பஸ் வழியில் படுத்துவிட்டது என்று ஒருவர் லாரியில் தொற்றி வந்து சேதி சொன்னார். மண்டபத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வாக்கப்பட்டு வந்தவர்கள். அந்தக் கோயிலிலேயே பிறந்தவள் ஒருத்தி இல்லை. முகூர்த்த நேரமோ கரைந்துகொண்டிருந்தது.

"ரெண்டு முடிச்சு இல்லாட்டி அது தாலியா?" என்று பெண் வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா விருமாண்டி வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்தார்.

"இங்கன ஒத்தப்பனைப் பேச்சி கோயில்ல பிறந்த பொம்பளப் புள்ளை யாரும் இருக்கீகளா? பெண் வீட்டுக்கு வந்த விருந்தாளியா இருந்தாலும் சரி. இருந்தா மேடைக்கு வாங்க, ஆத்தா."

மண்டபமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. இரும்பு நாற்காலியில் இருந்த அன்னக்கொடி நிமிர்ந்தாள். கடல் தாண்டி அவள் சுமந்து வந்த பெயர், ஒலிபெருக்கியில் ஆரப்பாளையம் முழுக்கக் கேட்டது. கேட்டாத்தான் சொல்லணும் என்றார் அப்பா. இதோ கேட்டுவிட்டார்கள். அவள் எழுந்தாள்.

"நான் இருக்கேன் பெரியப்பா."

செல்லத்தாய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அடியே, வெளையாட்டா இது? உக்காரு."

"நீ ஒரு வருசமாக் கேக்கலைல்ல? இப்பக் கேட்டுக்க," என்று சொல்லிவிட்டு அன்னக்கொடி விறுவிறுவென்று மேடையேறினாள்.

விருமாண்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒன் பேரு என்ன பாப்பா?"

"அன்னக்கொடி. எங்கப்பா முத்திருளன். இளவட்டத்துல இங்கேருந்து மலேயாவுக்குப் போனவரு."

"முத்திருளன்னு நம்மகிட்ட ஊருக்குப் பத்துப் பேரு," என்று தலையைச் சொறிந்தார். "சாமி கும்பிட்டிருக்கியா?"

"வருசாவருசம் சிவராத்திரிக்கு. தலையில தூக்கச் சாமிப் பெட்டி அங்க இல்லைல்ல, அதனால எங்கப்பா பிஸ்கட் டின்னுக்கு மஞ்சத்துணி சுத்தித் தலையில வச்சு, செருப்பில்லாமத் தோட்டம் பூராச் சுத்தி வருவாரு. நான் முன்னால தீவட்டி பிடிச்சுக்கிட்டுப் போவேன்."

யாரோ சிரித்தார்கள். விருமாண்டி சிரிக்கவில்லை. பெண் வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "வளத்த பிள்ளைதானப்பா, பெத்த பிள்ளையா?"

"தத்து எடுத்தா எந்தக் கோயிலுய்யா? வளத்தவன் கோயிலுதானே? ஒங்க வீட்ல வேறயா வச்சிருக்கீக?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆனாலும் அவருக்கே முழு மனசு வரவில்லை. தாலியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அப்போதுதான் ஒச்சாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

"பெரிய மாமா, நேத்துப் பந்தியில சுரைக்காக் கூட்டு வச்சாக. பெண் வீட்டுக்காரவுக அம்புட்டுப் பேரும் வழிச்சுத் தின்னாக. நம்ம ஆளுக ஒருத்தரும் தொடலை. இந்தப் பிள்ளையும் தொடலை. ஏன் பாப்பா தொடலை?"

"நம்ம பேச்சியாத்தா சுரைக்கொடி தடுக்கி விழுந்துச்சுல்ல? அதனால நம்ம கோயில்காரவுக திங்க மாட்டோம்," என்றாள் அன்னக்கொடி, இது தெரியாதா என்பதுபோல.

அவ்வளவுதான். விருமாண்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்னத்தடா பாக்குறீக? மேளத்தை அடிங்கடா," என்றார்.

கெட்டிமேளம் முழங்கியது. சுருளி முதல் முடிச்சைப் போட்டான். ஜெயக்கொடியின் பின்னால் நின்ற அன்னக்கொடி இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதை இறுக்கிப் போட்டாள். முடிச்சு விழுந்ததும் தலையை நிமிர்த்திக் குலவை போட்டாள். ரப்பர் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு தூரம். அங்கே குலவையைக் கூச்சப்பட்டுப் போட்டால் யாருக்கும் கேட்காது. இது கேட்டது. மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். மறு நிமிஷம் மண்டபத்துப் பெண்கள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். தோழி பொய் சொல்லி மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று பயந்துகிடந்த வாலாம்பாள், தனக்குக் குலவை வராததால் கையைத் தட்டினாள்.

பிறகு நாற்காலி பறிபோனது. "நாத்தனாக்காரி உக்காந்திருந்தா எப்படி? போயி விளக்கை எடு. அந்தத் தாம்பாளத்தைத் தூக்கு. பொண்ணைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வா," என்று ஒச்சாயி விரட்டிக்கொண்டே இருந்தாள். இனி நாம் சம்பந்தக்காரர்கள் என்று செல்லத்தாய் கேலி பேச ஆரம்பித்திருந்தாள். எதற்கும் அன்னக்கொடிக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை.

மத்தியானப் பந்தி போட்டபோது அந்த பஸ் ஒருவழியாக வந்து சேர்ந்தது. முதலில் இறங்கியவள் முருகம்மாள். பட்டுச்சேலையில் கிரீஸ் கறை, முகமெல்லாம் புழுதி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மண்டபத்தின் நடுவில் நின்றாள்.

"எவடி என் முடிச்சைப் போட்டவ?"

எல்லோரும் அன்னக்கொடியைக் காட்டினார்கள். முருகம்மாள் கிட்டே வந்தாள். அந்த முகம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. கோபம் அவ்வளவு பெரிது.

"இந்தா பாரு, அடுத்தது எங்க சின்னண்ணன் கல்யாணம். அதுக்கு நான்தான் போடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

பூக்காரர் 'மேடம்' என்றார், வாட்ச்மேன் கதவைத் திறந்தார், ஒச்சாயி நாற்காலி போட்டாள். இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷத்தில் அவளோடு சண்டைக்கு வந்த முதல் ஆள் இவள்தான். உரிமைக்காரியோடு அல்லாமல் வேறு யாரோடு இப்படிச் சண்டை போடுவார்கள்? அன்னக்கொடி விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அவரு எனக்கும் அண்ணன்தான். யாரு முன்னாடி வாராகளோ அவுக போடுறது. நீ மொதல்ல பஸ்ஸைப் பாத்து ஏறு."

மாப்பிள்ளை வீட்டுப் பந்தி முழுக்கச் சிரித்தது. முருகம்மாள் முறைத்தாள், முறைத்துக்கொண்டே பக்கத்து இலையில் உட்கார்ந்து, "தள்ளி உக்காரு" என்று அவளை இடித்தாள்.