ஃபிராங்காச் சொல்லுறன்
கொக்குவிலில் என் மகனுக்குப் பெண் பேச வந்த தரகர் எதையும் “ஃபிராங்காச் சொல்லுறன்” என்றுதான் தொடங்குவார். தோல்பையை மடியிலிருந்து இறக்கவே மாட்டார். ஆனால் பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. ஒரு நாள் ஒரு படத்தை நீட்டினார்.

“ஃபிராங்காச் சொல்லுறன் அண்ணை, நல்ல பிள்ளை. சின்னனிலை, சண்டை நேரம், செல்லடியிலை ஒரு கால் போயிட்டுது.”

படத்தில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டாமென்பதற்கு ஊரில் எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்.

“சாதகம் பொருந்தேல்லை.”

“ஃபிராங்காச் சொல்லுறன் அண்ணை, சாதகம் இன்னும் என்ரை பைக்குள்ளைதான் கிடக்கு.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

“சரி, பொருந்தேல்லை எண்டே அவையளிட்டைச் சொல்லுறன்.”

முன்னால் அந்தச் சொல்லைப் போடாமல் அவர் பேசிக் கேட்டது அன்று மட்டுந்தான். அவர் கொண்டுபோன பொய் என்னுடையது.